ஹபீப் பாய் மெத்தையில் பூச்சி இல்லை

நீங்கள் பொய் சொன்னீர்கள், டாக்டர். கையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, மண்டபம் நிறைய ஆட்கள் இருக்கும்போது, சிரித்துக்கொண்டே சொன்னீர்கள்.

போன மாதம் சேலையூர் கல்யாண மண்டபத்தில் நம் லேப் டெக்னீஷியன்கள் சங்கத்தின் ஆண்டு விழா நடந்தது. நீங்கள் சிறப்பு விருந்தினர். ஓய்வு பெற்றவர்களுக்குப் போட்டிருந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் என்னைக் கவனித்திருக்க மாட்டீர்கள். "மெத்தைக் கடை பாய் ஒருத்தர் கொசுக்கடின்னு வந்தார். கையைப் பார்த்ததுமே இது வெறும் கொசு இல்லை, ரத்தத்துல ஏதோ கோளாறுன்னு எனக்குப் பட்டுது. அன்னைக்கே டோட்டல் கவுண்ட் கேட்டேன். ரத்தப் புற்றுநோய்" என்றீர்கள். எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை.

டீ குடிக்கும்போது இரண்டு சின்னப் பெண்கள் என்னிடம் வந்தார்கள். இருவரும் இப்போது மெஷினில் ரத்தம் பார்ப்பவர்கள். "அக்கா, நீங்க அப்ப அந்த ஆஸ்பத்திரியிலதானே இருந்தீங்க? அந்தக் கேஸைப் பத்தி நம்ம பத்திரிகையில எழுதுங்களேன்" என்றார்கள். அதனால்தான் எழுதுகிறேன். எனக்கு அலங்காரமாக எழுத வராது. லேப்பில் வேலை செய்யாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்று ஆசிரியர் சொன்னார். அவர்களுக்கும் புரியும்படி எழுதப் பார்க்கிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பிளஸ் டூ முடித்தேன். இரண்டு வருஷம் டிப்ளமா படித்தேன். சோதனைக்கு அளந்து எடுக்க, வாயில் ரப்பர் குழாயை வைத்து ரத்தத்தை உறிஞ்சக் கற்றுக்கொண்டேன். ஒருமுறை அடுத்தவர் ரத்தம் வாய்க்குள் போய் மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. அதற்குப் பிறகு தாம்பரத்தில் உங்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை, ஒரு மைக்ராஸ்கோப், ஒரு ஃப்ரிட்ஜ், ஜன்னலுக்கு வெளியே சாக்கடை. அங்கே இருபத்தாறு வருஷம் இருந்தேன்.

உங்களைப் பற்றி நல்லதையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஏதோ பழைய கோபத்தில் எழுதுகிறாள் என்பார்கள். நீங்கள் நோயாளியிடம் கத்த மாட்டீர்கள். தேவையில்லாத டெஸ்ட் எழுத மாட்டீர்கள். மழையில் முழங்கால் தண்ணீர் நின்றாலும் பேன்ட்டை மடித்துக்கொண்டு வந்துவிடுவீர்கள். அதனால்தான் பொழிச்சலூரில் இருந்துகூட உங்களைத் தேடி வந்தார்கள்.

ஆனால் உங்களுக்கு இரண்டு பழக்கம் இருந்தது. ஒரே நேரத்தில் மூன்று நோயாளிகளை அறைக்குள் கூப்பிட்டு உட்கார வைப்பீர்கள். ஒருவருடைய வியாதியை மற்ற இருவரும் கேட்பார்கள். அடுத்தது ரிப்போர்ட் படிக்கிற விதம். தாளை நான்காக மடித்து, எண் இருக்கும் வரி மட்டும் மேலே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு படிப்பீர்கள். அந்த வரிக்கு மேலேயோ கீழேயோ நாங்கள் ஏதாவது எழுதியிருந்தால் அது மடிப்புக்குள் போய்விடும். அதோடு எங்களுக்கு ஒரு சட்டமும் வைத்திருந்தீர்கள்: "கேட்டதை மட்டும் எழுது."

ஹபீப் பாய் முதலில் வந்தது சுனாமிக்கு அடுத்த வருஷம், மார்ச் மாதம். கேம்ப் ரோட்டில் அவருக்கு மெத்தைக் கடை. ஐம்பத்தெட்டு வயது இருக்கும். வெள்ளைச் சட்டையின் முழுக்கையைக் கீழே வரை இறக்கிப் பட்டன் போட்டிருந்தார். ரத்தம் எடுக்கக் கையை மடித்து விடச் சொன்னேன். தயங்கித் தயங்கி மடித்தார். மணிக்கட்டில் இருந்து முழங்கை வரை கொப்புளங்கள். சில எலுமிச்சங்காய் அளவு. சில உடைந்து, சுற்றிலும் தோல் கறுத்திருந்தது. சொறிந்து சொறிந்து நகத்தின் ஓரத்தில் ரத்தம் காய்ந்திருந்தது.

"பயந்துக்காத சிஸ்டர். தொட்டா ஒட்டாது" என்றார்.

நான் சிஸ்டர் இல்லை, டெக்னீஷியன் என்றேன். எல்லோரிடமும் சொல்வேன். யாரும் மாற்றிக்கொண்டதில்லை.

கூட வந்திருந்த அவர் மனைவி மெஹருன்னிசா ஒன்று சொன்னார். "கடிச்சது இன்னான்னு யாருமே பாக்கலம்மா. ஒரே ரூம்ல நானும்தான் படுத்துகினு கீறேன். எனக்கு ஒரு தடிப்பு இல்ல. காணாக்கடி மாதிரி கீது." கடித்தது எது என்று கண்ணில் படாமல் உடம்பு தடித்தால் நம் ஊரில் அதைக் காணாக்கடி என்பார்கள். உங்கள் அறையிலும் இதையே சொன்னாராம். நீங்கள் சிரித்தீர்களாம்.

நீங்கள் கேட்டது ஈஸ்னோபில் கவுண்ட். அலர்ஜி என்றால் அப்போது எல்லா டாக்டர்களும் அதைத்தான் கேட்பார்கள். வெள்ளை அணுக்களில் பல வகை உண்டு. எல்லாவற்றையும் சேர்த்து எண்ணினால் அது டோட்டல் கவுண்ட். அலர்ஜியில் கூடுகிற வகைக்குப் பெயர் ஈஸ்னோபில். அதை மட்டும் எண்ணத் தனியாக ஒரு திரவம் இருக்கிறது. ரத்தத்தை அதில் கலந்து பத்து நிமிஷம் வைத்தால் ஈஸ்னோபில்கள் மட்டும் சிவப்பாகத் தெரியும். மற்ற செல்கள் பெரும்பாலும் கரைந்துவிடும். மிச்சம் இருப்பவை சாயம் ஏறாமல் நிழல் மாதிரி அங்கங்கே தெரியும். கண்ணாடியில் கட்டம் போட்ட சேம்பரில் ஒரு சொட்டு விட்டு, சிவப்பை மட்டும் எண்ண வேண்டும்.

எண்ணினேன். ஈஸ்னோபில் கொஞ்சம் கூடுதல். அலர்ஜி என்று சொல்லப் போதும். ஆனால் அந்தச் சிவப்புப் புள்ளிகளுக்குப் பின்னால் நிழல்கள் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. அவ்வளவு நிழலை நான் பார்த்ததில்லை. எழுந்து உங்கள் அறைக்கு வந்தேன்.

"சார், மத்த செல்லும் நிறைய தெரியுது. டோட்டல் கவுண்ட் பார்த்துடட்டுமா?"

நீங்கள் எழுதிக்கொண்டிருந்தீர்கள். நிமிரவில்லை.

"நான் என்ன கேட்டேன் ஸ்டெல்லா?"

"ஈஸ்னோபில் சார்."

"அதை எழுது."

எழுதினேன். நீங்கள் அதை மடித்துப் பார்த்துவிட்டு, "பாய், உங்க தொழில்தான் உங்க வியாதி. பஞ்சுல மூட்டைப்பூச்சி இருக்கு. கடையை க்ளீன் பண்ணுங்க, முடிஞ்சா கொஞ்ச நாள் மூடுங்க" என்றீர்கள். மருந்துச் சீட்டிலும் மூட்டைப்பூச்சிக் கடி என்று எழுதினீர்கள். அறையில் இருந்த மற்ற இருவரில் ஒருவர் கேம்ப் ரோட்டில் இருக்கும் ஒரு பெண்கள் விடுதியின் வார்டன். அதற்கு முந்தைய மாதம்தான் ஹபீப் பாய் கடையில் பன்னிரண்டு மெத்தை வாங்கியிருந்தார்.

அடுத்த நாள் காலையில் பன்னிரண்டு மெத்தையும் ஒரு மீன்பாடி வண்டியில் திரும்பி வந்தன. கடை வாசலில் இறக்கிப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை மெஹருன்னிசா என்னிடம் சொன்னார். ஹபீப் பாய் உள்ளே போய்க் கத்தரிக்கோலை எடுத்து வந்தார். ரோட்டோரத்தில் குந்தி உட்கார்ந்து முதல் மெத்தையைக் கிழித்தார். பஞ்சை அள்ளி அள்ளிக் காட்டினார். "பார்த்துக்க. ஒரு பூச்சி காமி. ஒண்ணு காமிச்சிடு, நான் கடைய இழுத்து மூடிட்டுப் பூடறேன்." பன்னிரண்டையும் கிழித்தார். பஞ்சு காற்றில் பறந்து பஸ் கண்ணாடியில் ஒட்டியது. டூ வீலரில் போனவர்கள் திட்டினார்கள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வேலை செய்ய வசதியாகச் சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார். அதுதான் அவர் செய்த தப்பு. பஞ்சை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் அவர் கையைத்தான் பார்த்தார்கள்.

அன்று முதல் அவர் மூட்டைப்பூச்சி பாய்.

ஜூன் மாதம் மறுபடி வந்தார். கடையை மூடியாகிவிட்டது. மிச்சப் பஞ்சைக் கொளுத்திவிட்டதாகச் சொன்னார். கொப்புளம் குறையவில்லை, கால், முதுகு என்று பரவியிருந்தது. நீங்கள் மறுபடி ஈஸ்னோபில் கேட்டீர்கள். சேம்பரில் மறுபடி அதே நிழல்கள், முன்பைவிட நெருக்கமாக. இந்த முறை நான் உங்களிடம் வந்து கேட்கவே இல்லை. கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். அது உங்கள் தப்பு இல்லை. என் தப்பு. இத்தனை வருஷத்தில் இதை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது எல்லோரும் படிக்கட்டும்.

நவம்பர் வந்தது. அந்த வருஷ மழை பலருக்கும் நினைவிருக்கும். லேப் ஜன்னலுக்கு வெளியே சாக்கடை வழிந்து நின்றது. பகலிலேயே கொசு மொய்த்தது. ஹபீப் பாய் மூன்றாவது தடவையாக வந்து என் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தார். இடது கையில் ரப்பரைக் கட்டி நரம்பைத் தட்டிக்கொண்டிருந்தேன். அவர் கையில் இருந்த மச்சத்துக்குப் பக்கத்தில் ஒரு கொசு. என் மணிக்கட்டில் ஒரு கொசு. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அடித்தோம். இரண்டுமே ரத்தம் கக்கிச் செத்தன.

"உன்னையும் உட்ல பாத்தியா. கொசுக்கு டாக்டரு, பாயி, சிஸ்டரு எல்லாம் ஒண்ணுதான்" என்றார். சிரித்தோம். சேம்பரில் அப்போதும் நிழல்கள் தெரிந்தன. நான் ஈஸ்னோபிலை மட்டும் எண்ணி எழுதிக் கொடுத்தேன். அவர் போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து, கொப்புளங்களுக்குக் கட்டுப் போட வந்த ஹபீப் பாய் என் கதவருகே நின்று கையை நீட்டினார். மச்சத்துக்குப் பக்கத்தில், கொசுவை அடித்த அதே இடத்தில், எலுமிச்சங்காய் அளவில் ஒரு கொப்புளம். உள்ளே தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. நான் என் மணிக்கட்டைப் பார்த்தேன். அங்கே ஒன்றுமே இல்லை. கொசு கடித்தது எந்த இடம் என்றே தெரியவில்லை.

ஒரே அறை, ஒரே சாக்கடைக் கொசு, ஒரே நிமிஷம். அந்த அறையில் மெத்தையும் இல்லை, பஞ்சும் இல்லை.

அவரை உட்கார வைத்தேன். உங்கள் சீட்டு இல்லாமல் நான் ரத்தம் எடுத்தது அந்த ஒரு தடவைதான்.

வெள்ளை அணுக்கள் எல்லாவற்றையும் காட்டும் நீலத் திரவத்தில் ரத்தத்தைக் கலந்து சேம்பரில் விட்டேன். எண்ண முடியவில்லை. கடுகு டப்பாவைக் கவிழ்த்த மாதிரி இருந்தது. இன்னும் நீர்க்கச் செய்து மறுபடி எண்ணினேன். எழுபத்திரண்டாயிரம் வந்தது. பதினோராயிரத்துக்குள் இருக்க வேண்டியது.

அடுத்து ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் இழுத்து ஸ்மியர் போட்டுச் சாயம் ஏற்றினேன். பார்த்தால் பாதிச் செல்கள் நசுங்கிக் கிடந்தன. கட்டைவிரலால் தேய்த்த மை மாதிரி. நான் அழுத்தி இழுத்துவிட்டேன் என்று நினைத்தேன். லேசாக இழுத்து இன்னொன்று போட்டேன். அதிலும் நசுங்கல். மூன்றாவதிலும் அப்படியே. இத்தனை வருஷ அனுபவத்துக்குப் பிறகு ஒரு ஸ்மியர் போடத் தெரியவில்லையே என்று என்னையே திட்டிக்கொண்டேன். மூன்றையும் குப்பையில் போட இருந்தேன். சின்னப் பெண்களே, இதை மட்டும் ஞாபகம் வையுங்கள். போடாதீர்கள்.

வாரத்தில் இரண்டு நாள் வரும் பேத்தாலஜி டாக்டரம்மாவுக்கு அன்று முறை. ஸ்லைடுகளை நீட்டி, "மேடம், ஸ்மியர் சரியா வரல" என்றேன். ஒரு நிமிஷம் பார்த்தார்.

"உன் கை சரியாத்தான் இருக்கு. செல்லுதான் சரியில்லை" என்றார்.

பிளட் குரூப் பார்க்க ஃப்ரிட்ஜில் வைத்திருந்த ஆல்புமின் என்ற புரதத் திரவத்தை எடுத்து வரச் சொன்னார். ரத்தத்தோடு ஒரு சொட்டு ஆல்புமினைக் கலந்து ஸ்மியரை இழுக்கச் சொன்னார். இந்த முறை ஒன்றுகூட நசுங்கவில்லை. அத்தனையும் லிம்போசைட் என்ற வகை. சின்னதாக, உருண்டையாக, ஒரே அச்சில் வார்த்த மாதிரி. இந்த வகை ரத்தப் புற்றுநோயில் செல்களின் தோல் அவ்வளவு மெல்லிசாம். இழுத்தாலே உடைந்துவிடுமாம். அவர் எழுந்து போய் ஹபீப் பாயின் காலரை விலக்கிக் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். இரண்டு பக்கமும் திராட்சைக் கொத்து மாதிரி நெறி கட்டியிருந்தது. எட்டு மாதத்தில் அந்தக் கழுத்தில் கை வைத்த முதல் டாக்டர் அவர்தான்.

ரிப்போர்ட்டை உங்களிடம் கொண்டு வந்தேன். வழக்கம்போல் மடிக்கப் போனீர்கள். மடிக்காதீர்கள் என்றேன். நினைவிருக்கிறதா? "யார் கேட்டா இதை?" என்றீர்கள். யாரும் கேட்கவில்லை என்றேன். பிறகு படித்தீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் செய்ததில் குறை சொல்ல மாட்டேன். அன்றே நகரத்தில் இருக்கும் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு நீங்களே போன் செய்து, மறுநாளே பார்க்க ஏற்பாடு செய்தீர்கள். ஆனால் அவர்களுக்கு எழுதிய கடிதத்தில், கொப்புளங்களைப் பார்த்துச் சந்தேகப்பட்டு நீங்களே டோட்டல் கவுண்ட் கேட்டதாக எழுதினீர்கள். அதைக் கவரில் போட்டு ஒட்டியது நான்தான். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் அவர்களுக்கு நிதானமாக விளக்கியிருக்கிறார்கள். இது மெதுவாகப் போகும் வகை. உடனே கடுமையான மருந்து வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரத்தம் பார்த்தால் போதும். கொசு கடிப்பது எல்லோரையும்தான். ஆனால் இந்த நோய் இருக்கிறவர்களில் சிலருக்கு, கெட்டுப்போன ரத்தம் அந்தச் சின்னக் கடிக்கு இவ்வளவு பெரிய சண்டை போடுகிறது. சில சமயம் கடியே இல்லாமலும் அதே கொப்புளம் வரும். மெஹருன்னிசா சொன்ன காணாக்கடி என்ற வார்த்தைக்குப் பக்கத்தில்தான் அவர்களும் வந்து நின்றார்கள். வலை கட்டிப் படுக்கச் சொல்லி, மாத்திரை கொடுத்தார்கள். ஒரு மாதத்தில் தோல் பாதி ஆறிவிட்டது.

இதைப் படித்துவிட்டுக் கொசு கடித்துத் தடித்தவர்கள் எல்லாம் பயந்து ஓட வேண்டாம். கொசுக்கடி பெரும்பாலும் கொசுக்கடிதான். மாதக்கணக்கில் ஆறாமல், திரும்பத் திரும்பக் கொப்புளமாக வந்தால் ஒரு தடவை முழு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். அவ்வளவுதான். இப்போது மெஷின் எல்லா எண்ணையும் தானாகவே அடித்துக் கொடுக்கிறது. கேட்காததையும் எழுதிவிடுகிறது. அதற்கு யாரிடமும் பயம் இல்லை.

ஜனவரியில் கணவனும் மனைவியும் உங்களுக்கு நன்றி சொல்ல வந்தார்கள். ஒரு டப்பாவில் பேரீச்சம்பழம் கொண்டு வந்தார்கள். நான் ரிப்போர்ட் தட்டோடு மேஜைக்குப் பக்கத்தில் நின்றேன். ஹபீப் பாய் பழத்தை வைத்துவிட்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"டாக்டர், நோயி வந்ததுக்கு நீங்க இன்னா பண்ணுவீங்க, நான் இன்னா பண்ணுவேன். அத்த உடுங்க. ஒரே ஒரு சீட்டு எழுதிக் குடுங்க. ஹபீப் பாய் மெத்தைல பூச்சி இல்ல, நான் தப்பா சொல்ட்டேன்னு. உங்க பேரு போட்ட தாள்ல. கண்ணாடி போட்டு மாட்டிகினு கடையத் தொறக்கறேன்."

நீங்கள் சிரித்தீர்கள். கேலியாக இல்லை, பிரியமாகத்தான். "உயிர் பொழைச்சிருக்கீங்க பாய், அதை நினைச்சுச் சந்தோஷப்படுங்க. டாக்டர் போய் மெத்தைக்கு சர்டிஃபிகேட் எழுதுவானா?" என்றீர்கள்.

"நோயி என் ஒடம்புக்குத்தான் டாக்டர் வந்துச்சு. பேரு என் புள்ளைங்களுக்கும் போவும்" என்றார்.

நீங்கள் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டீர்கள்.

கடை திறக்கவில்லை. அந்த இடத்தில் செல்போன் ரீசார்ஜ் கடை வந்தது. ஹபீப் பாய் அதற்குப் பிறகு ஆறு வருஷம் இருந்தார். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுக்க என்னிடம்தான் வருவார். வந்தால் முதலில், "இன்னா சிஸ்டர், டாக்டர் சீட்டு எழுதினாரா?" என்பார். விளையாட்டாகக் கேட்கிறார் என்று நினைத்தேன். கடைசித் தடவை மூச்சு வாங்கிக்கொண்டு வந்தபோதும் கேட்டார். நெஞ்சில் சளி கட்டி அந்த வாரமே இறந்தார். விளையாட்டு இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

மெஹருன்னிசா இன்னும் சேலையூரில்தான் இருக்கிறார். போன மாத விழா முடிந்து நேரே அவர் வீட்டுக்குப் போனேன். நீங்கள் மேடையில் பேசியதைச் சொன்னேன். "எங்க ஊட்டுக்காரரு மெத்தையப் பத்தி டாக்டரு எதுனா சொன்னாரா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். அவர் பேரன் ஆட்டோ ஓட்டுகிறான். ஸ்டாண்டில் இன்றைக்கும் அவனுக்கு மூட்டைப்பூச்சி என்றுதான் பெயராம்.

டாக்டர், அந்த நோயைக் கண்டுபிடித்த பெருமையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வேண்டாம். இரண்டு தடவை பார்த்தும் வாயை மூடிக்கொண்டிருந்தவளுக்கு அது பொருந்தாது. எனக்கு வேண்டியது அந்தச் சீட்டு. உங்கள் பெயர் போட்ட தாளில், உங்கள் கையெழுத்தோடு, இந்தப் பத்திரிகையின் அடுத்த இதழில், எல்லோரும் பார்க்கிற மாதிரி வர வேண்டும். ஆசிரியரிடம் பேசிவிட்டேன். இடம் ஒதுக்குவதாகச் சொல்லியிருக்கிறார். ஹபீப் பாய் மெத்தையில் பூச்சி இல்லை, நான் தவறாகச் சொன்னேன் என்று எழுத வேண்டும். விளக்கம் வேண்டாம், வருத்தம் வேண்டாம், உங்கள் அனுபவம் எதுவும் வேண்டாம்.

கேட்டதை மட்டும் எழுதுங்கள்.